மயில் பலகை

குழி வெட்டிய ஆட்கள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வந்து நின்ற பிறகும் சிட்டம்மாள் உளியைக் கீழே வைக்கவில்லை. மடியில் மாம்பலகை. எதிரே பாயில் அவள் மகள் கன்னியம்மா. நாலு வயசு. காய்ச்சல். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பஸ்காரன் ஏற்றவில்லை. சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும் இருளருக்கு இடமில்லாத பஸ். நடந்தார்கள். பாதி வழியில், மேலே நடக்கத் தேவையில்லாமல் போயிற்று.

"நேரமாவுது சிட்டு," என்றான் புருஷன் பெருமாள். "மானம் இருட்டிக்கினு வருது."

"இருய்யா. மூஞ்சி மறந்துபூடும்."

"எம் புள்ள மூஞ்சி எனக்கு மறந்துபூடுமா?"

"மறந்துபூடும். எங்கம்மா மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு."

அந்தக் குடிசையில் யாரையும் யாரும் போட்டோ எடுத்ததில்லை.

மிஷன் பள்ளியில் மேரி டீச்சரிடம் மரத்தில் படம் வெட்டித் தாளில் அச்செடுக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து அவள் வெட்டியதெல்லாம் மயில். வாங்குகிறவர்கள் மயில்தான் கேட்டார்களாம். உன் பிள்ளை படத்தை வெட்டு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இப்போது ஒரு மயில் பலகையின் முதுகில் கன்னியம்மா வந்துகொண்டிருந்தாள். நெற்றி, மூக்கு, இடது புருவத்தை இரண்டாக்கிய அரிவாள் தழும்பு. பார்த்ததைப் பார்த்தபடியே வெட்டினாள். கண்களை மட்டும் திறந்து வைத்தாள்.

பாயோடு சுருட்டிப் பெருமாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது தலையெல்லாம் மழை. சிட்டம்மாள் பலகையில் மையைத் தடவி, தாளை விரித்து, கரண்டி முதுகால் அழுத்தித் தேய்த்தாள். உரித்தாள்.

அவன் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான்.

"இன்னாடி இது. தழும்பு அந்தாண்ட கீது."

பலகையில் வெட்டியது தாளில் பக்கம் மாறி விழும். அதனால் முதலிலேயே மாற்றி வரைந்துகொள்ள வேண்டும். டீச்சர் சொன்னதுதான். மயில் வெட்டி வெட்டி அது மறந்தே போயிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மயில் மயில்தான்.

தாளில் யாரோ ஒரு பிள்ளை கண் திறந்து பார்த்தது.

அதை அடுப்பில் போட்டாள். முந்தானையால் பலகையின் மையைத் துடைத்தாள். பெருமாள் விரலை வைத்துப் புருவத்தைத் தடவிப் பார்த்தான்.

"இதுல சரியாக் கீது," என்றான்.

பாய் கிடந்த இடத்தில், வெறும் தரையில், பலகையைப் படுக்க வைத்தாள்.

கூரை ஒழுகத் தொடங்கியது. பெருமாள் எழுந்துபோய்ப் பலகையைக் காய்ந்த பக்கமாக நகர்த்தி வைத்தான்.