கழட்டி மாட்டுகிற பல்

ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவன் நான். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். அண்ணன் எழுந்து வந்து ஒரு குத்து விட்டான். மேல்வரிசை முன்பல் ஒன்று தலையணையில் கிடந்தது.

அவனுக்குப் பேசியிருந்த பெண் தன் வீட்டாரோடு எங்கள் வீட்டைப் பார்க்க வர இன்னும் பத்து நாள்தான்.

"அதுக்குள்ள பல்லைக் கட்டிடுடா," என்றாள் அம்மா. "யாராவது கேட்டா பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லு."

எங்கள் பாத்ரூம் தரை சொரசொரப்பான சிமெண்டு. அதில் வழுக்கி விழத் தனித் திறமை வேண்டும்.

பல் டாக்டரம்மா பிளாஸ்டர் தாடை ஒன்றை மேசையில் வைத்து மூன்று வழி சொன்னார். இம்ப்ளான்ட் என்றால் எலும்பில் திருகு இறக்கி, அது பிடித்துக்கொள்ள நாலைந்து மாதம் காத்திருக்க வேண்டும். பிரிட்ஜ் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் இரண்டு பக்கத்திலும் இருக்கிற நல்ல பற்களைச் சீவி, அவற்றின்மேல் தொப்பி மாதிரி மாட்ட வேண்டும். இன்னொன்று, அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் தகட்டோடு கழட்டி மாட்டுகிற பல்.

"பிரிட்ஜே போட்டுடுங்க டாக்டர். கழண்டு விழுந்து மானத்தை வாங்காது," என்றாள் கூட வந்திருந்த அம்மா.

"நல்ல பல்லு ரெண்டையும் எதுக்கும்மா சீவணும்? அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

"உங்க அண்ணன் வாழ்க்கைடா."

கழட்டி மாட்டுவதையே கேட்டு வாங்கினேன். நல்ல பற்களுக்காக மட்டும் இல்லை. வருகிறவள் முன்னால் அதைக் கழட்டி, யார் அடித்தது என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் அவள் முடிவு.

வந்தார்கள். டீ கொடுத்தோம். அண்ணன் தலை நிமிரவில்லை, அவ்வளவு சாது.

"தம்பி பேசவே மாட்டாரா? வாய்ல பூட்டா?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"அவன் ஒரு ஊமைக்கோட்டான்," என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

நாக்கால் தகட்டை நெம்பினேன். பக்கத்துப் பல்லைப் பிடித்திருந்த அதன் கொக்கி விட்டுக்கொடுத்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. வெறுமனே பார்த்தாள்.

தகட்டை மேலே அழுத்திக்கொண்டேன். "டீ சூடா இருக்கு," என்றேன்.

கல்யாணமாகி ஏழாவது மாதம், ஒரு நாள் காலையில் வேலை முடித்து வந்தேன். அண்ணி சமையலறையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உங்க பல் டாக்டர் எங்க இருக்காங்க தம்பி?"

"என்ன ஆச்சு அண்ணி?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்." அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "அத்தை அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க."

நான் பல்லைக் கழட்டி அவள் முன்னால் மேடையில் வைத்தேன்.

"இதுவும் வழுக்கினது இல்ல அண்ணி. அவன் அடிச்சது."

அவள் அதைத் தொடவில்லை. துண்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"நாங்க வீடு பாக்க வந்த அன்னைக்கே கழட்டியிருக்கலாமே தம்பி."