மொசேல் வீட்டு ஜன்னல்

எங்கள் யூதச் சங்கத் தலைவர் மெனாஷே ஷூக்கர் அந்த வருடம் 'தலைநிமிர்ந்து வாழ்வோம்' என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசினார். பேசிய இடம் சிங்கப்பூர் ஓட்டல் ஒன்றின் அடித்தளக் கூடம். வாசல் பலகையில் சங்கத்தின் பெயர் இல்லை. 'ஷூக்கர் குடும்ப விருந்து' என்று போட்டிருந்தது. காலம் அப்படி. எங்கோ போர் நடந்தது. இங்கே பஸ்ஸில் யாராவது முறைத்தால் நம்மைத்தான் முறைக்கிறார்கள் என்று தோன்றியது. பலமாகக் கைதட்டிவிட்டு, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு பேராகக் கலைந்தோம். அதுவும் தலைவரின் ஏற்பாடுதான்.

அடுத்த வாரம் மொசேலின் கணவர் ஹெஸ்கேலுக்கு முதல் நினைவுநாள். மகன் நயீம் அப்பாவுக்காகக் கடிஷ் ஜெபம் சொல்ல வேண்டும். அவனோடு சேர்த்துப் பத்து ஆண்கள் நின்றால்தான் அதைச் சொல்லலாம். ஒன்பது பேர் என்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முந்தைய சனிக்கிழமை ஜெபாலயத்துக்கு வந்ததே ஆறு பேர். நினைவுநாளன்று மொசேல் காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

எனக்கும் போன் வந்தது.

"முழங்கால் வலி, மொசேல்."

"நேத்து பஸ் பின்னாடி ஓடினீங்களே?"

"அதனாலதான் வலி."

டாக்டர் ஒபாதியாவுக்கு அவசர நோயாளி. தலைவரோ அறிவுரையே தந்தார்: "இப்ப கூட்டம் சேர்றது நல்லதில்லம்மா. பையனை மனசுக்குள்ள சொல்லச் சொல்லு. கடவுளுக்குக் கேக்கும்."

"அவருக்குக் கேக்கும். பத்துப் பேர் வேணும்னு சொன்னவரும் அவர்தானே?"

அன்று எங்கள் எட்டு நாள் விளக்குத் திருநாளான ஹனுக்காவின் ஐந்தாம் நாள். இருட்டியதும் மொசேல் ஐந்து எண்ணெய் விளக்கை ஏற்றி, தன் மூன்றாம் மாடி ஜன்னலில் வைத்தாள். படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: 'தலைவர் பேச்சைக் கேட்டு ஏத்திட்டேன். ஜன்னல்ல இருக்கலாமா, மேசைல வைக்கணுமா? தெரிஞ்சவங்க வந்து பார்த்துச் சொல்லுங்க.'

ஹனுக்கா விளக்கு தெருவில் போகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பது சட்டம். ஆபத்துக் காலத்தில் உள்ளே மேசையில் வைத்தால் போதும் என்பதும் சட்டம்தான். இது ஆபத்துக் காலமா, இல்லையா? இப்படி ஒரு கேள்வியை எங்கள் ஆட்களிடம் போட்டுவிட்டால் யாருக்கும் எந்த வலியும் இருக்காது.

முதலில் மூச்சு வாங்க வந்தவர் தலைவர். "முதல்ல அணைம்மா!"

"அதுவா அணையற வரைக்கும் அணைக்கக் கூடாதே, தலைவரே."

"சரி, தூக்கி மேசைல வை."

"ஏத்தினப்புறம் எடத்தை மாத்தலாமா? உங்களுக்குத் தெரியாததா?"

தலைவர் சொல்வது தப்பு என்று சொல்ல நோயாளியை விட்டுவிட்டு டாக்டர் வந்தார். இருவரும் தப்பு என்று சொல்ல சாலே வந்தார், கையில் அளவு நாடாவோடு. "தரையிலேருந்து இருபது முழத்துக்கு மேல போனா அந்த விளக்கு கணக்கிலேயே வராது. அப்புறம் ஆபத்தென்ன, ஆபத்தில்லாததென்ன?" கீழே நின்று நாடாவின் நுனியைப் பிடித்தது நான்தான்.

"பத்தொன்பதே முக்கால்!" என்று டாக்டர் தன் கையை வைத்துக் கணக்குச் சொன்னார்.

"யாரோட முழம் அது? ஒபாதியாவுக்குக் குட்டைக் கை!" என்றார் சாலே.

இந்தச் சண்டைக்காகவே மேலும் ஐந்து பேர் வந்தார்கள். நானும் மாடி ஏறினேன்.

மொசேல் சமோசா மாதிரி சீஸ் வைத்துச் செய்த சம்பூசாக்குகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தாள். மனிதர்களை எண்ணுவது எங்களுக்கு ஆகாது. பத்துச் சொல் உள்ள ஒரு வேத வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்போம். அவள் உதடு அசைந்தது. முதல் சொல்லோடு ஒரு சம்பூசாக் நயீமுக்குப் போனது. கடைசிச் சொல் தலைவர் கையில் வந்து விழுந்தது.

"முடிஞ்சுது. நயீம், ஆரம்பி."

சண்டை அப்படியே நின்றது. தலைவர் சம்பூசாக்கோடு கதவைப் பார்த்து நடந்தார். "எனக்கு ஒரு முக்கியமான..."

"தாராளமாப் போங்க. ஹெஸ்கேலோட கடிஷ் யாரால நின்னுதுன்னு குரூப்ல ஒரு வரி போட்டுடறேன்."

தலைவர் திரும்பி வந்தார். அப்போதுதான் அடுத்த சங்கடம் புரிந்தது. ஜெபத்துக்கு எருசலேம் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். எங்களுக்கு அது மேற்கு. ஜன்னல் இருந்ததும் மேற்கில்தான். ஐந்து விளக்கின் வெளிச்சம் முகத்தில் விழ, பத்து ஆண்களும் தெருவைப் பார்த்து நின்றோம்.

"திரையையாவது இழும்மா," என்று தலைவர் கெஞ்சினார்.

"துவைச்சுப் போட்டிருக்கேன். காயல."

எதிர் மாடியில் மூங்கில் கழியில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டு அப்படியே நின்றார்.

"பாக்கறான்," என்றார் தலைவர், உதடு அசையாமல்.

"அக்கா!" என்று அந்த ஆள் கத்தினார். "வீட்ல என்ன விசேஷம்?"

மொசேல் எங்களுக்கிடையே தலையை நுழைத்தாள். "எங்க வீட்டுக்காரர் நினைவுநாள்!"

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அதுவரை அலறிக்கொண்டிருந்த அவர் வீட்டு டிவி நின்றது.

அந்த அமைதியில் நயீம் தொடங்கினான். பதிலுக்கு நாங்கள் சொன்ன முதல் 'ஆமென்' எங்களுக்கே கேட்கவில்லை. அவன் அடுத்த வரிக்குப் போகாமல் நின்றான். மொசேல் கணவரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் தொண்டையைச் செருமினார். பிறகு அவர் சொன்ன ஆமெனில் கீழ்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. நயீம் குரலை உயர்த்தினான்; நாங்களும் உயர்த்தினோம்.