ஊதா மூடி

பொட்டாசியம் 7.1.

இயந்திரம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி இரண்டு அம்புகள் போட்டிருந்தது. அதே சாம்பிளை மறுபடி வைத்தேன். 7.0.

ஐந்தைத் தாண்டினாலே நாங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஏழு என்றால், அது உண்மையான ஏழாக இருந்தால், இதயம் எந்த நிமிடமும் தாளம் தப்பி நின்றுவிடலாம். ஆனால் பொட்டாசியம் அடிக்கடி பொய் சொல்லும். ஊசியில் இழுக்கும்போது ரத்த அணுக்கள் உடைந்தால், உள்ளே இருப்பது வெளியே கொட்டி எண் ஏறிவிடும். வாரத்துக்கு இரண்டு முறையாவது எங்கள் கிளினிக்கில் அது நடக்கும். அப்போது ரத்தத்தின் மேல் தெளிந்து நிற்கும் சீரம் ரோஜா நிறத்தில் இருக்கும்.

குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். வைக்கோல் நிறம். துளிச் சிவப்பு இல்லை.

குழாய் எங்கள் நர்ஸ் சிஸ்டருடைய அண்ணனுடையது. இரண்டு தெரு தள்ளிப் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். காலையில் கடை திறக்கும் முன் வந்தார். நான்கு நாளாகக் கால் இரண்டும் பஞ்சு மாதிரி இருக்கிறதாம். சிஸ்டரே ரத்தம் எடுத்தார். குழாய்களை வாங்கப் போன என்னிடம் அண்ணன், "ஏம்மா டெஸ்ட் டியூபு, உள்ளே சாவி ஏதாவது கிடந்தா எடுத்து வை, ரெண்டு நாளா ஒண்ணைக் காணோம்" என்றார். நான் வழக்கம்போல் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்தேன்.

இப்போது அவருடைய இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மஞ்சள் மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் இருந்தது. ஊதா மூடிக் குழாயில் பாதிதான்.

ஊதா மூடிக் குழாயின் அடியில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து பூசியிருக்கும். அது பொட்டாசியம் உப்பு. மஞ்சளில் ரத்தம் குறைந்துவிட்டால், மறுபடி குத்த மனம் வராமல், ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிடுவது உண்டு. செய்தவர் யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

ஊசி அறையில் சிஸ்டர் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தார்.

"வா வாயாடி. என்ன, இன்னைக்குப் பேசப் போறியா?"

"சிஸ்டர்... காலையில அண்ணனுக்கு எடுத்தீங்கல்ல... ஊதாவுல இருந்து மஞ்சளுக்கு..."

"மஞ்சளுக்கு?"

"கொஞ்சம் ஊத்தினீங்களா?"

கத்தரிக்கோல் மேசைமேல் விழுந்தது. "பத்தொன்பது வருஷமா ஊசி பிடிக்கிறேன். நேத்து முளைச்சது வந்து என்னைக் கேள்வி கேக்குது! மஞ்சள்தான் முதல்ல எடுத்தேன். ஊதா பாதியில நிக்கும்போதே அந்த மனுஷன் நெளிய ஆரம்பிச்சுட்டார், ஊசியை எடுத்துட்டேன். போதுமா? எழுதித் தரணுமா?"

எதிர் அறைக் கதவு திறந்தது. "என்ன சத்தம்? வெளியே பதினஞ்சு பேர் உக்காந்திருக்காங்க" என்றார் டாக்டர்.

சொன்னேன். 7.1 என்று சொல்லும்போது சிஸ்டரைப் பார்க்காமல் சொன்னேன்.

சிஸ்டர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நான் ஊத்தியிருந்தா?"

"நம்பர் பொய். அண்ணனுக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"ஊத்தலைன்னா?"

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் சுவரைப் பார்த்தார்.

"ஊத்தினேன்" என்றார் சிஸ்டர்.

"என்னது?"

"ஊத்திட்டேன் டாக்டர். என் தப்புதான்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? உயிரை வாங்கிட்டீங்க. சாயங்காலம் அவரை வரச் சொல்லுங்க, புதுசா எடுத்துப் பாத்துக்கலாம்." கதவு மூடியது. உள்ளே அடுத்த ஆளின் இருமல் கேட்டது.

சிஸ்டர் மறுபடி பஞ்சு வெட்டத் தொடங்கினார். துண்டுகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழுந்தன.

நான் லேபுக்கு ஓடினேன். ஊதா மூடியின் மருந்து பொட்டாசியத்தைக் கூட்டுவதோடு நிற்காது. ரத்தத்தில் உள்ள கால்சியத்தை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். ஊற்றியிருந்தால் கால்சியம் பாதாளத்துக்குப் போயிருக்க வேண்டும். மீதி சீரத்தைக் கால்சியத்துக்கு வைத்தேன். எட்டு நிமிடம்.

இரண்டாவது நிமிடத்தில் சிஸ்டர் பின்னால் வந்து நின்றார்.

"யாரும் எழுதாத டெஸ்டை எதுக்குப் போடறே?"

"ஊத்தியிருந்தா கால்சியம் விழுந்திருக்கும் சிஸ்டர்."

"விழும். நான்தான் ஊத்தினேன்னு சொல்றேன்ல."

"எவ்வளவு ஊத்தினீங்க?"

அவர் வாயைத் திறந்து மூடினார். "கொஞ்சம். ஒரு... அஞ்சாறு சொட்டு." பிறகு, "எவ்வளவு ஊத்தினா ஏழு வரும்?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் தப்புச் செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கால்சியம் 9.3.

"கம்மியா?"

"நார்மல்."

அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுதுகிறேன். சிஸ்டர் கைப்பேசியில் அண்ணனை அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "சாவி வெட்டுற மெஷின் ஓடுச்சுன்னா அவருக்கு ஒண்ணும் காதுல விழாது" என்றார். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் வாசலைத் தாண்டி ஓடினார்.

டாக்டர் ஒருவரின் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்திருந்தார். தட்டாமல் உள்ளே போனேன்.

"டாக்டர், ஊத்தல."

"அவங்களே சொன்னாங்களேம்மா."

"பொய் சொன்னாங்க. கால்சியம் ஒன்பது புள்ளி மூணு. கிட்னியும் சரியில்ல, க்ரியாட்டினின் ஒண்ணு புள்ளி ஒன்பது இருக்கு. சீரம் சுத்தமா இருக்கு." என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். "ஈசிஜியை ஆன் பண்ணு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு."

சிஸ்டரையும் அண்ணனையும் பக்கத்துக் கடைக்காரர் காரில் கொண்டுவந்து இறக்கினார். அண்ணனின் சட்டையெல்லாம் பித்தளைத் தூள். "ஒருத்தர் பீரோவைத் திறக்க முடியாம நிக்கிறார், பாதியில இழுத்துட்டு வர்றா" என்றார். படுக்க வைத்தபோது காலை அவரால் தூக்க முடியவில்லை. நான் தூக்கி வைத்தேன்.

ஈசிஜித் தாளில் அலைகள் கூடாரம் மாதிரி கூராக நின்றன. அது உண்மையான ஏழுதான்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார் டாக்டர்.

"பிரஷருக்கு நீங்க குடுத்தது. முட்டி வலிக்குக் கடையில வாங்கினது. வேற ஒண்ணும் இல்ல."

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"உப்பைத்தான் மாத்தினேன். சோடியம் கம்மியாம், பிரஷருக்கு நல்லதாம். ருசியே இல்லன்னு ரெண்டு பங்கு போட்டுக்கறேன்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "அதுல இருக்கறது பொட்டாசியம். அந்த ரெண்டு மாத்திரையும் அதை வெளியே போக விடாது. மூணும் சேர்ந்து..." முடிக்காமல், இதயத்துக்குக் காவலாகக் கால்சியம் ஊசி மருந்தை உடைத்தார். "நான் போடறேன், தள்ளுங்க."

"நானே போடறேன்" என்றார் சிஸ்டர்.

அவசரப்பட்டால் அதுவே ஆபத்து. பத்து நிமிடம் எடுத்து ஏற்ற வேண்டும். சிஸ்டரின் கட்டைவிரல் நகர்வதே தெரியவில்லை. அவர் முகத்தில் வழிந்த வியர்வையை நான் துடைத்துவிட்டேன்.

"பாப்பா" என்றார் அண்ணன் கடைசியில். "எறும்பு கடிக்கற மாதிரிகூட இல்ல."

"பேசாம இரு அண்ணே."

ஆறாவது நிமிடத்தில் அலைகளின் கூர் கொஞ்சம் மழுங்கியது. எட்டாவதில் இன்னும் கொஞ்சம். டாக்டர் தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது ஒரு மணி நேரம் தாங்கும். பொட்டாசியம் இன்னும் உள்ளேதான் இருக்கு. சீக்கிரம்."

ஆம்புலன்ஸ் கதவை மூடப்போகும்போது சிஸ்டர் உள்ளேயிருந்து கை நீட்டினார். "வாயாடி, ரிப்போர்ட்டு! அங்கே போனா, சாம்பிள் கெட்டிருக்கும், மறுபடி எடுப்போம்னு உக்கார வச்சுடுவாங்க."

வண்டியின் பக்கவாட்டில் தாளை வைத்து, 7.1க்குக் கீழே பேனாவால் எழுதினேன்: ரத்தம் உடையவில்லை. குழாய் கலக்கவில்லை. கால்சியம் 9.3. இந்த எண்ணை நம்பலாம்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.