ஏழாம் மாடிக்குத் தண்ணீர்

எழுந்து நடமாட முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் எட்டு மாடி இல்லம் அது. கட்டடம் கட்டடமாகப் போய்த் தீயணைப்புப் பம்புகளைச் சோதிப்பது அவர் வேலை. ஆனால் அங்கே வேலை இல்லாத நாட்களிலும் போவார். ஏழாம் மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் அவருடைய அக்கா இருந்தாள். ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்ட பிறகு அவளைத் தன்னோடு வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டார். ஆனால் அவர் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. மனைவி போனபின் பகலெல்லாம் பூட்டியே கிடக்கும் வீடு.

வந்த புதிதில் அக்கா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளை மாற்றியது பக்கத்துக் கட்டில் டீச்சர். டீச்சருக்குப் பார்வை போய்விட்டது, வாய் மட்டும் ஓயாது. அக்காவுக்குப் பேச்சு குழறும், கண் கூர்மை. வெளியே தெரிவதை ஒருத்தி திக்கித் திக்கிச் சொல்ல, இன்னொருத்தி அதற்குக் கை கால் வைத்துக் கதையாக்குவாள். எதிர் மொட்டை மாடியில் துணி காயப்போடும் ஒரு மனிதனுக்கு இருவரும் சேர்ந்து மூன்று கல்யாணம் முடித்துவைத்திருந்தார்கள்.

"உன் தம்பி வர்றாரு. செருப்புச் சத்தத்தப் பாத்தா இன்னிக்கும் எவன் பம்பையோ குத்தம் சொல்லிட்டு வர்றாரு போல," என்பாள் டீச்சர். அக்கா வாய் கோணச் சிரிப்பாள்.

அந்த வருடச் சோதனைக்கு இல்லத்தின் மேலாளர் அம்மாவும் பம்பு அறைவரை கூட வந்தார்.

"வாராவாரம் ஓட்டிப் பாக்குறோம் சார். ஒரே தட்டுல கிளம்பிடுது."

பொய்யில்லை. வால்வை மூடிவைத்து ஓட்டியபோது அழுத்தம் காட்டும் முள் நிற்கவேண்டிய இடத்தில்தான் நின்றது. ஆனால் தீப்பிடித்தால் தண்ணீர் வெளியே பாயவேண்டும். அவ்வளவு தண்ணீரையும் கொடுத்துக்கொண்டே அழுத்தம் தாங்குமா என்று பார்க்கத்தான் வருடத்துக்கொரு முறை இந்தச் சோதனை. முற்றத்தில் ஹோஸ் குழாய்களைக் கட்டி ஒவ்வொன்றாகத் திறந்தார்.

பம்பின் வயிற்றில் யாரோ கூழாங்கற்களை அள்ளிப் போட்டதுபோல் கடகடவென்று சத்தம். முள் சரிந்தது. சீறி அடிக்கவேண்டிய தண்ணீர் துவண்டு தரையில் விழுந்தது. தொட்டியில் நீர்மட்டம் பார்த்தார். வால்வுகளைக் கையால் திருகிப் பார்த்தார். தன் மீட்டரையே சந்தேகப்பட்டு வேறொன்றை மாட்டினார். வேறெந்தக் கட்டடத்துக்கும் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார். மறுபடி திறந்தார். மறுபடி அதே கடகட.

"நாலு மாடிக்கு மேல இந்தத் தண்ணி ஏறாதும்மா."

"ரிப்பேர் பண்ணிடுறோம் சார். சாமான் வரத்தான் ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் சரியா இருக்குன்னு எழுதிடுங்களேன். இல்லைன்னா மேல் மாடிய காலி பண்ணச் சொல்லுவாங்க. இவங்கள எங்க கொண்டு போறது? உங்க அக்காவும் அங்கதானே இருக்காங்க?"

அவர் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு மாதத்துக்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் மனசு சொன்னது. பிறகு, தீப்பிடித்து லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் மாடிக்கு ஒரு நர்ஸ் இத்தனை பேரை எப்படித் தூக்குவாள் என்று நினைத்தார். பம்பு தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே மேல்மாடிகளைக் காலி செய்ய உத்தரவு வந்தது. எங்கெங்கே கட்டில் கிடைத்ததோ அங்கங்கே ஆட்களை அனுப்பினார்கள். அக்காவையும் டீச்சரையும் ஒரே இடத்தில் சேர்க்க அவர் ஒவ்வொரு இல்லமாக ஏறி இறங்கிக் கெஞ்சினார். எல்லா இடத்திலும் ஒரு கட்டில்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபோது அக்கா அவர் கையைப் பிடித்தாள்.

"நீயா… எழுதின?"

"ஆமாக்கா."

"தீ… பிடிச்சுதா?"

"இல்லக்கா."

கையை விட்டுவிட்டாள். "மொட்ட மாடிக்காரனுக்கு இனிமே யாரு பொண்ணு பாக்குறது?" என்று அடுத்த வண்டியிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

புது இடத்தில் டீச்சர் சரியாகச் சாப்பிடவில்லை. விஷயம் தெரிந்து, அவர் அக்காவின் காதில் போனை வைத்துப் பேசச் சொன்னார். அக்கா முகமெல்லாம் சிவக்கப் பேசினாள். நேரில் அட்சரம் பிசகாமல் விளங்கிக்கொண்ட டீச்சருக்குப் போனில் அந்தக் குழறல் பிடிபடவில்லை.

"யாருங்க? கொஞ்சம் தெளிவாப் பேசுங்க… யாரு பேசுறது?"

அதற்குப் பிறகு அக்கா போனைக் காதருகே கொண்டுவரவிடவில்லை. பம்புக்குச் சாமான் வந்துசேருமுன் டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டாள். அதையும் அவர்தான் வந்து சொல்லவேண்டியிருந்தது. அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கொண்டுபோன ஆரஞ்சுச் சுளைகள் தட்டிலேயே காய்ந்தன.

பம்பைப் பிரித்தபோது உறிஞ்சு குழாயில் பாதிக்குமேல் துரு அடைத்திருந்தது. உள்ளே சுழலும் சக்கரமும் தேய்ந்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றினார்கள். மறுசோதனையில் தண்ணீர் மதிற்சுவரில் மோதித் திரும்பி அவரையே தலையோடு நனைத்தது. முள் சரியவில்லை. மேலாளர் அம்மா கைதட்டினார். நனைந்தவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொட்டச் சொட்ட நின்று, தேறியது என்று எழுதிக்கொடுத்தார்.

அக்கா பழைய அறைக்கே திரும்பினாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு அம்மாள் எப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அக்காவின் தலையைச் சீவிவிட்டார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

"என்ன மன்னிச்சுடுக்கா," என்றார்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அடுத்த வருஷமும்… பம்பு பாக்க… நீதான்… வருவியா?"

"நான்தான்க்கா வரணும்."

"சரி," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சீப்பைக் கழுவி வைத்துவிட்டு, விளக்கு போடும் நேரம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.