இடப்பக்கக் கொழுந்து

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து மலையில் வழுக்கி விழுந்து, பாறையில் தலை மோதியதில் எனக்கு இடப்பக்கமே இல்லாமல் போனது. கண்ணில் பழுதில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்கு மறந்துவிட்டது. கண்டியில் இரத்தக் கட்டியை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே, "இம்புட்டுச் சோறுதான் போடுவீங்களா?" என்று என் வீட்டுக்காரர் சுதாகரனிடம் எரிந்து விழுந்தேன். அவர் தட்டை அரைவட்டமாகத் திருப்பி வைத்தார். இடப்பக்கம் நான் தொடாமல் விட்ட மீதிச் சோறு வலப்பக்கம் வந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த ஷெரோமி மிஸ் ஒளிக்காமல் சொன்னார்: "முழுசா சரியாகும்னு சொல்ல மாட்டேன். ஆனா கொஞ்சம் கொஞ்சமா தேறும். தலையத் திருப்பித் திருப்பிப் பாத்துப் பழகுங்க." இடது மணிக்கட்டில் சிவப்பு நாடா கட்டினார். அது தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும்.

எட்டு மாதம் கழித்து, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போனேன். "ஒரு மாசம் பாப்போம் நாகலெட்சுமி. முடியலன்னா பேர எடுத்துருவேன்," என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. சமமான இடத்தில் கொழுந்தெடுக்க ஒரு செடி நிரை கொடுத்தார்கள். தலையில் கூடைக்கயிறு மாட்டக் கூடாதென்று முதுகில் சாக்கு. இடப்பக்க நிரை காளியாயிக்கு. குழாயடிச் சண்டையில் மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. நல்லவேளை, அவள் மூஞ்சி என் கண்ணில் படாது என்று நினைத்துக்கொண்டேன்.

நிறுவையில் என் கொழுந்து ஒரு நாளும் குறையவில்லை. பழைய கைவேகம் வந்துவிட்டதென்று வீட்டில் பெருமையடித்தேன்.

பதினேழாம் நாள், நாடாவைத் தேடாமலே தலை திரும்பியது. என் செடியின் இடப்பக்கத்தில் காளியாயி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததை என் சாக்கில் போட்டாள்.

"எப்பருந்துடி இங்க நிக்கிற?"

"மொத நாள்லருந்து," என்றவள் திடுக்கிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "ஏய், ஒனக்கு என்னயத் தெரியுதா?"

தெரிந்தது. இவளையா இத்தனை நாள் மனசுக்குள் திட்டினேன் என்று வெட்கமாக இருந்தது. நன்றியில் நெஞ்சு நிறைந்து அழுதுவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தப் பக்கத்த நானே எடுக்குறேன் காளியாயி."

அவள் விலகி நின்றாள். நான் தலையைத் திருப்பித் திருப்பி எடுத்தேன். ஒரு கொழுந்தை விட்டுவிட்டேன். காளியாயி அதைத் தொடவில்லை, விரலால் காட்டினாள்.