பாதித் தலை

கிழவரின் தலையில் வலது பாதி முடிந்திருந்தபோது நெட்டையனுக்கு போன் வந்தது. அவன் மனைவிக்கு வலி கண்டுவிட்டதாம். கத்தரியைக் கண்ணாடி முன்னால் போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினான். எங்கள் சலூனில் இருந்த ஒரே வேலையாள் அவன்தான், உள்ளூர்க்காரன். கிழவர் மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்துவரை துணி போர்த்தி, அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய நரை, மறுபக்கம் மூன்று மாதக் காடு.

என் வீட்டுக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்றார். அதுதான் அவருக்கு விதித்த இடம். இந்த நாட்டில் வெளிநாட்டுக்காரன் கடை வைக்கலாம், ஆள் போடலாம், வரி கட்டலாம். முடி வெட்டுகிற மாதிரி கைத்தொழில் எதையும் தன் கையால் செய்யக்கூடாது, அது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். பர்மிட்டின் முதல் பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பதினாலு வயதில் கத்தரி பிடித்த மனிதர், சொந்தக் கடையில் ஐந்து வருஷமாகக் கத்தரியைத் தொடாமல் நின்றார். என்ன கொடுமை பாருங்கள்! நெட்டையன் கோணலாக வெட்டும்போதெல்லாம் இவருடைய விரல்கள் கல்லா மேசைமேல் தாமாகத் திறந்து மூடும். நான் பார்த்துவிட்டால் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். பெற்ற மகளுக்கு முடி வெட்டுவதைக்கூட ஜன்னலைச் சாத்திவிட்டு, திருட்டு வேலை மாதிரித்தான் செய்தார்.

இந்த ஊர்ப் பாஷை எனக்குத்தான் சரளமாக வரும். கிழவரிடம் போய் நாளைக்கு வர முடியுமா என்று கேட்டேன். நாலு மணிக்குத் தன் மனைவியின் அடக்கம் என்றார். ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூட அவள் இந்த முடியைத்தான் ஏசிக்கொண்டிருந்தாளாம், அதனால்தான் வந்தாராம். நான் அதை அப்படியே தமிழில் இவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். பாழாய்ப்போன வாய்.

"எதிர்க்கடை சலூனுக்கு அனுப்பிடலாங்க."

"பாதித் தலையோட தெருவுல நடக்கச் சொல்றியா? இன்னைக்கா?"

"நம்ம பொண்ண நெனச்சுப் பாருங்க. அடுத்த வருஷம் பரீட்சை."

"பத்தே நிமிஷம். பாதியில யாரையும் நாற்காலிய விட்டு எழுப்பி விட்டதில்லம்மா. எனக்கு அது வராது."

கையைக் கழுவிக்கொண்டு வந்து கத்தரியை எடுத்தார். நான் ஓடிப்போய்த் திரையை இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்துக் கடையில் அவருடைய கத்தரிச் சத்தத்தைக் கேட்டதும் மடச்சி மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன வேகம், என்ன நிதானம்! எனக்குக் கட்டிவைத்த மனிதர் இவர்தான் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம், எதிர்க்கடைக்காரன் வாசலில் சிகரெட்டோடு நின்றதை அதன்பிறகுதான் பார்த்தேன்.

அடுத்த வாரமே பர்மிட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புகார் உண்மையென்றால் பர்மிட் ரத்து, முப்பது நாளில் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும். எங்கே போவது? ஊரில் இருந்த வீட்டை விற்றுத்தான் இந்தக் கடையே. மகளுக்குத் தமிழில் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். அவள் தூக்கத்தில் உளறுவதுகூட இந்த ஊர்ப் பாஷையில்தான்.

நெட்டையன் குழந்தையின் போட்டோவைக் காட்டிவிட்டுக் கண்கலங்கினான். தானே முழுக்க வெட்டி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொல்கிறேன் என்றான். நல்ல பையன். இரண்டு நாள் சமையலறையில் ஒத்திகை நடந்தது. மகள்தான் அதிகாரி.

"கத்தரியைத் தொட்டீங்களா?"

"இல்லை."

"அப்பா, கீழ பாக்காதீங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க."

"இல்லை."

இந்த ஊர்ப் பாஷையில் அவர் அவ்வளவு சுத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

விசாரணைக்குப் போனால், நிஜ அதிகாரி சின்ன வயதுப் பெண். எல்லாரையும் உட்காரச் சொன்னாள். நெட்டையன் சொன்னபடியே சொன்னான். இவரும் அவள் முகத்தைப் பார்த்தே "இல்லை" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவள் பக்கத்துக் கதவைத் திறந்து கிழவரைக் கூப்பிட்டாள். அவருக்கும் கடிதம் போயிருக்கிறது, எதற்கென்று யாரும் சொல்லவில்லை போல. எங்களைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக வந்து இவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"உங்களுக்கு முடி வெட்டினது யாரு?" என்று கேட்டாள்.

"கண்ணாடியக் கழட்டிட்டா எனக்கு ஆள் அடையாளம் தெரியாதும்மா. முதல்ல வெட்டுனது முரட்டுக் கை. அப்புறம் ரொம்ப நல்லாருந்துச்சு."

"ஒரே ஆளாவும் இருக்கலாம், இல்லையா?"

கிழவர் யோசித்தார். நான் வேண்டாத தெய்வமில்லை. கண்ணை மூடக்கூட பயமாக இருந்தது.

"இருக்கலாம். அன்னைக்கு என் மனசு அங்க இல்லையே."

அவள் ஏதோ எழுதினாள். ரப்பர் முத்திரையைக் கையில் எடுத்து, "சரி, புகாருக்கு ஆதாரமில்ல" என்றாள். நெட்டையன் மேசைக்கடியில் என் காலை லேசாகத் தட்டினான். முடிந்தது, பிழைத்தோம் என்றே நினைத்தேன்.

"யாரு வெட்டுனா என்னம்மா, வெட்டியிருக்கிற நேர்த்தியப் பாரு," என்று கிழவர் அவளுக்குக் காட்டுவதற்காகத் திரும்பித் தலை குனிந்தார். அவருடைய பிடரி என் வீட்டுக்காரருக்கு நேராக வந்தது. மூன்று வாரம் வளர்ந்த முடி.

இவருடைய கை தானாக அங்கே போய்விட்டது. கட்டைவிரல் கிழவரின் காதை மெல்ல மடக்கியது, மற்ற விரல்கள் பிடரி முடியைக் கீழிருந்து மேலாகக் கோதி அளவு பார்த்தன. "இந்தப் பக்கம் அவசரத்துல கொஞ்சம் ஏத்திட்டேன் போல," என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவருக்குத் தெரியவில்லை. முத்திரை அவள் கையில் காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, ஆடாமல் அசையாமல், கழுத்தைக் கொடுத்தபடி நின்றுகொண்டிருந்தார்.