பாக்கலாம்

எங்கள் அப்பாவின் வாயில் ஆமாமும் வராது, இல்லையும் வராது. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்"தான். பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. வீட்டுக்கு வந்ததும் பின்வாசலில் உட்கார்ந்து, கிரீஸ் கறை போக மண்ணெண்ணெய் விட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல் சொல்வார். இன்றும் எங்காவது மண்ணெண்ணெய் வாசனை அடித்தால் அந்த நாட்கள் ஞாபகம் வந்துவிடும்.

மாட்டு டாக்டருக்குப் படிக்கட்டுமா என்று நான் கேட்டதும் அந்தப் பின்வாசலில்தான். "பாக்கலாம்" என்றார். சரி, இல்லை என்கிறார் என்று வாயை மூடிக்கொண்டு டைப்பிங் கற்கப் போய்விட்டேன். பிறகு என் தங்கை தத்துவம் படிக்கக் கேட்டாள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பேர். அவளுக்கும் அதே "பாக்கலாம்". கழுதை, மறுநாளே விண்ணப்பத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டாள்! இன்று காலேஜில் பாடம் எடுக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது, சொல்வதில் என்ன வெட்கம்.

இப்போது அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இதயத்தில் வால்வு மாற்ற வேண்டுமாம். மாற்றாவிட்டால் அதிக நாள் தாங்காது, இந்த வயதில் மாற்றுவதும் ஆபத்து, அவர் சம்மதம் சொல்லட்டும் என்றார் டாக்டர்.

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் வாலுவுக்கும் எனக்கும் சண்டை.

"வேண்டாங்கறாருடி. விட்டுடலாம்."

"சரின்னுதாங்கா சொல்றாரு."

"உனக்கு எப்பவுமே எல்லாம் சரிதான்!"

"அக்கா, வார்த்தை ஒண்ணுதான். நீ பயந்துக்கிட்டே கேப்ப, உனக்கு இல்லைன்னு விழும். நான் ஆசையா கேப்பேன், எனக்கு ஆமான்னு விழும். ஒரு மனுஷனைப் புரிஞ்சுக்கணும்னா நம்மளையும் சேர்த்துதான் படிக்கணும். நான் நடத்தற பாடமே அதான்."

"உன் பாடத்தைத் தூக்கிக் குப்பையில போடு! உள்ள படுத்திருக்கறது புஸ்தகமில்ல, அப்பா."

"புஸ்தகம் இல்லல்ல? அப்ப போய் அவரையே கேளு."

அதே கோபத்தோடு உள்ளே போனேன். அப்பாவின் கை போர்வைமேல் வெளுத்துக் கிடந்தது. மருந்து வாசனை அடித்தது.

"ஏம்ப்பா, பாக்கலாம்னா என்னதான் அர்த்தம்? ஆமாவா, இல்லையா?"

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கே தெரியாதப்ப சொல்றதும்மா. பேசிப் பாக்கலாம்னு. வாலு மறுநாளே வந்து நிப்பா. நீதான் வரவே மாட்ட." மூச்சு வாங்கினார். "மாட்டு டாக்டர் படிப்புக்கு நீ திரும்ப வருவன்னு ரொம்ப நாள் பாத்தேன்."

அழுதுவிட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரிப்பா, இப்ப வந்துட்டேன். ஆபரேஷன் பண்ணிக்கலாமா?"

"பாக்கலாம்" என்றார்.

நான் எழுந்து போகவில்லை. மறுபடி கேட்டேன்.